நாலாம் நம்பர் பெட்டி ஏன் நம்பவில்லை?

காலை 11.40.

கொட்டச்சேட்டுக்கு மேலே மூங்கிப்பாறை எஸ்டேட். நாலாம் பிளாக்கில் மிளகுக்கொடி ஏறிய ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் பிணம் கிடந்தது. முதலில் பார்த்தவள் காப்பிப் பழம் பறிக்கும் அத்தாயி. அவள் போட்ட கூச்சல் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒன்றுவிடாமல் சுற்றி இறங்கி, சேலம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்ததாகச் சொல்பவர்கள் உண்டு. பாதியைத் தள்ளுபடி செய்தாலும் அடிவாரம் வரை கேட்டிருக்கும்.

எல்லோரும் ஓடிவந்து சுற்றி நின்று வாயில் சேலையை வைத்துக்கொண்ட சமயத்தில் பிணம் முனகியது.

கிடந்தவர் எஸ்டேட் காவல்காரர் வெள்ளையன். வயிற்றின் இடப் பக்கம் ஒரு கை நுழையும் அளவுக்குக் கிழிசல். சுற்றிலும் ஈர மண்ணில் சோற்றுத் தட்டு அகலத்துக்குக் குளம்புத் தடங்கள். காட்டெருமை. பன்னிரண்டேகாலுக்கு ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு மலை இறங்கியது. சேலம் ஆஸ்பத்திரியில் கண் திறக்க மூன்று நாளாகும், திறந்தால் அதிர்ஷ்டம் என்றார்கள்.

முட்டியது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகம் வேறு இடத்தில் இருந்தது. வெள்ளையன் விழுந்த இடத்திலிருந்து நூறடி தள்ளி, ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் கொட்டகைத் தூணில், ஒரு பெட்டி பொருத்தியிருந்தது. காட்டெருமை பெருமூச்சு விட்டாலே சங்கு ஊதி ஊரைக் கூட்டவேண்டிய பெட்டி. எஸ்டேட்டில் அப்படி நாலு பெட்டி உண்டு. இது நாலாம் நம்பர். அன்றைக்கு அது வாயைத் திறக்கவே இல்லை.

மதியம் 12.45.

ஏற்காடு ஸ்டேஷன் சப்-இன்ஸ்பெக்டர் சுதாராணி ஜீப்பிலிருந்து இறங்கியபோது பனி அரிவாளால் அறுத்து அடுக்கி வைக்கிற கனத்தில் நின்றது. சுதாராணிக்கு மனிதர்களிடம் பயமில்லை. வீச்சரிவாளோடு வந்தவனை லத்திகூட இல்லாமல் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து விலங்கு மாட்டியவள். மாடு என்றால் மட்டும் ஆகாது. ஏழு வயதில் ஆத்தூரில் மாமா வீட்டுச் செவலைப் பசு அவளைத் தவிட்டுத் தொட்டிக்குள் தள்ளியது. அன்றிலிருந்து பால் பாக்கெட்டில் பசுப் படம் இருந்தால் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பித்தான் வைப்பாள். அப்பேர்ப்பட்டவளை, ஒரு டன் எடையில் ஒரு மிருகம் எங்கோ பத்தடிக்குள்ளோ நூறடிக்குள்ளோ நின்றுகொண்டிருக்கும் தோட்டத்துக்குள் அரசாங்கம் அனுப்பியிருந்தது. தொப்பியை அழுத்திக்கொண்டு, யாரும் பார்க்காதபடி கொட்டகைக்கு ஓடினாள்.

கொட்டகைக்குள் நாற்பது பெண்கள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றார்கள். மேனேஜர் பென்னி போனில் முதலாளிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் காளியண்ணன் மட்டும் முன்னால் வந்தார். ஐம்பது வயது. மங்கிகுல்லா, அதன்மேல் மப்ளர், அதன்மேல் ஒரு துண்டு. இத்தனைக்குப் பிறகும் நடுங்கினார்.

"மேடம், இதெப் பாருங்க," என்று தூணைக் காட்டினார்.

பெட்டியின் முகத்தில் கம்பி வலை போட்ட ஒரு துவாரம். அதுதான் அதன் காது. அதற்குள் ஒரு வெள்ளைத் துணி திணித்திருந்தது.

"யார் துணி?"

"சென்னம்மாளுதுங்க. பொட்டியத் தொடைக்கிறது அவதான். சாவியும் அவகிட்டத்தான். நேத்து அவ ஆட்டுக்குட்டி தோட்டத்துல பூந்ததுக்கு வெள்ளையன் புடிச்சுக் கட்டிட்டான். 'உன்னெக் காட்டுமாடு குத்தித் தூக்க'ன்னு இதே தூணுக்குக் கீழ நின்னு சொன்னா. நாப்பது பேரும் கேட்டாங்க."

சுதாராணி துணியைக் குச்சியால் எடுத்துக் காகித உறையில் போட்டாள். பளிச்சென்று துவைத்த துணி. ஒரு மூலையில் மட்டும் கறுப்பாக விரல் பட்ட அடையாளம்.

நாற்பது பெண்களிடம் விசாரித்தால் நாற்பதும் ஒரே கதையைக் கிசுகிசுத்தன. அதைக் கேட்டபோது சுதாராணிக்குச் சட்டைக்குள் பல்லி விழுந்த மாதிரி இருந்தது. துணி, சாவி எதையும் அவர்கள் நம்பவில்லை. பெட்டி நாளெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சென்னம்மாள் சொன்னதையும் கேட்டது. அவள் சொன்னபடியே செய்துவிட்டது. இன்றைக்கு வெள்ளையன். நாளைக்கு யார் யாரைப் பற்றி அதன் முன்னால் என்ன சொல்லியிருக்கிறார்களோ. காலையிலிருந்து அந்தத் தூண் பக்கம் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. நாற்பது பெண்கள் பேசாமல் நிற்பது அந்த எஸ்டேட்டின் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை.

மதியம் 1.10.

செம்மநத்தத்திலிருந்து ஸ்கூட்டரில் சிவரஞ்சனி வந்து சேர்ந்தாள். அந்த ஊரிலேயே மிளகும் சாமையும் போடும் குடும்பம். இவள் சேலத்தில் இன்ஜினியரிங் படித்துவிட்டு, இந்தப் பெட்டிகளைச் செய்யும் சின்னக் கம்பெனியில் இருந்தாள். நாலு பெட்டியும் அவள் பொறுப்பு. சாவியை வாங்கித் திறந்தாள்; ஒரு பட்டனை அமுக்கினாள்; பத்து விநாடி பொறுத்தாள்; போனில் பதிவு செய்து வைத்திருந்த காட்டெருமைச் சீறலை ஓடவிட்டாள். சங்கு ஊதிய ஊதலில் கொட்டகைத் தகரம் எழும்பி உட்கார்ந்தது. சுதாராணியும்தான்.

"மார்க் தொண்ணூத்து மூணுங்க மேடம்," என்றாள் சிவரஞ்சனி. "பொட்டி நல்லாத்தான் இருக்குது."

சொன்ன குரலில் சந்தோஷம் இல்லை. பெட்டி நல்லது என்றால் சென்னம்மாள் கெட்டவள் என்றாகிறது.

பெட்டி எழுதி வைத்திருந்த குறிப்பை அவள் போனில் திறந்து காட்டினாள். காலை ஆறு மணி: 'சரி'. அப்புறம் 10.52: சத்தம் கேட்டது, காட்டெருமை என்பதற்கு மார்க் நாற்பத்தொன்று. அறுபது வந்தால்தான் சங்கு.

"அப்ப செவிடு இல்ல. கேட்டிருக்குது."

"கேட்டிருக்குதுங்க. நம்பல."

சுதாராணிக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. பெட்டி எப்படி நம்பும், எப்படி நம்பாமல் போகும், முதலிலிருந்து சொல் என்றாள். சிவரஞ்சனி சொன்னதைத் தனக்குப் புரிந்த பாஷையில் நோட்டில் எழுதிக்கொண்டாள். சாதாரண கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒன்று, பூஜ்யம் என்று ஓரிடத்தில் எழுதி வைத்து, ஒவ்வொரு தடவையும் அங்கிருந்து எடுத்து வந்து கணக்குப் போடும். கரண்ட் நிறையத் தின்னும். சூரியன் விருந்தாளி மாதிரி வந்துபோகும் இந்த மலையில், உள்ளங்கை அகலச் சோலார் தகட்டை நம்பி அது நடக்காது. ஆகவே இதற்குள் இருப்பது அனலாக் சில்லு. அதன் நினைவு குழாய்த் திருகு மாதிரி. லட்சக்கணக்கில் குழாய்கள், ஒன்று கால் திறந்திருக்கும், ஒன்று அரை, ஒன்று முக்கால். கேட்ட சத்தத்தைக் கரண்டாக்கி ஒரு பக்கம் விட்டால், மறுபக்கம் எவ்வளவு வழிகிறதோ அதுவே விடை. சத்தத்தை இனம் காணப் பழகிய நியூரல் நெட்வொர்க் முழுவதும் அந்தத் திருகுகளில் குடியிருக்கிறது. தின்னும் கரண்ட் இம்மியளவு. தொட்டால் சூடுகூடத் தெரியாது.

"கெட்டுப்போனா எப்படிப் போகும்?"

"திருகு நாளாக நாளாகத் தானா நகருமுங்க. துல்லியம் கொறையும். அதுக்குத்தான் ரெண்டு வருசம் மண்டைய ஒடச்சுக்கிட்டோம். பாடம் சொல்லிக் குடுக்கறப்பவே திருகுகளை வேணும்னே ஆட்டி ஆட்டிக் குடுத்தோம், ஆட்டத்துலயும் சரியாச் சொல்லப் பழகிக்கிச்சு. அப்புறம் தெனமும் காத்தால ஆறு மணிக்கு அது தன்னைத்தானே சரிபாத்துக்கும். தெரிஞ்ச அளவு கரண்டை உள்ள விடும். நூறு வரவேண்டிய எடத்துல எண்பது வந்தா, அன்னிக்குப் பூரா எல்லாத்தையும் அதுக்கேத்த மாதிரி ஏத்திப் படிக்கும்."

"நூத்தம்பது வந்தா?"

"எறக்கிப் படிக்கும். ஆனா அப்படி வராதுங்க. திருகு இறுகத்தான் செய்யும், தானாத் தொறக்காது."

"ஆறு மணிக்கு எவ்வளவு வந்துச்சுன்னு குறிப்புல இருக்கா?"

இல்லை. இடம் மிச்சம் பிடிக்க 'சரி' என்று மட்டும் எழுதும்படி செய்திருந்தார்கள். அதைச் சொல்லும்போது சிவரஞ்சனி தரையைப் பார்த்தாள்.

சுதாராணி காகித உறையைப் பிரித்தாள். துணியைப் பழையபடி காதில் திணிக்கச் சொல்லி, போனில் சீறலை ஓடவிடச் சொன்னாள். பெட்டி மார்க்கை மட்டுமல்ல, வந்த சத்தத்தின் கனத்தையும் எழுதும். துணியோடு கனம் பாதியாக விழுந்தது. 10.52-க்கு எழுதியிருந்த கனமோ, துணி இல்லாதபோது வந்த அளவுக்கு முழுசு.

ஆக, வெள்ளையன் குத்துப்பட்ட நேரத்தில் காதில் துணி இல்லை. பிறகு யாரோ திணித்திருக்கிறார்கள்.

மதியம் 2.00.

இதை இன்ஸ்பெக்டருக்குப் போனில் சொன்னபோது அவர் சிரித்தார். மெஷின் எழுதிய கனத்தைக் கோர்ட்டில் யார் படிப்பது என்றார். ஊதாத பெட்டிக்கு வேறு காரணம் சொல், இல்லையென்றால் ஐந்து மணிக்குள் அந்தப் பொம்பளையைக் கூட்டிக்கொண்டு வா என்றார். பக்கத்தில் நின்ற பென்னி, அவள் குடியிருக்கும் லைன் வீட்டையும் இன்றைக்கே காலி செய்ய முதலாளி சொல்லிவிட்டார் என்றார். சென்னம்மாள் பிறந்ததே அந்த லைன் வீட்டில்.

மணி இரண்டு. இருந்தது மூன்று மணி நேரம்.

மதியம் 2.15.

சென்னம்மாள் பழக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது. கைவிரலெல்லாம் காப்பிப் பழச் சாறு காய்ந்து பிசுபிசுத்தது. அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"நாஞ் சொன்னத அது கேட்டுருச்சுங்களா மேடம்?"

"யாரு?"

"பொட்டி. கோவத்துல சொன்னனுங்க. வெள்ளையண்ணன் எங்க ஊட்டுக் கலியாணத்துக்குப் பந்தல் போட்டவருங்க."

ஜெயிலுக்குப் போவதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. தன் வாய் ஒரு மனிதனைக் குத்திவிட்டது என்று நம்பி, அந்தப் பயத்தில் பல் கிட்டிப்போய் இருந்தாள். சுதாராணி தண்ணீர் கொடுத்துக் குடிக்க வைத்தாள்.

"எத்தனை மணிக்குத் தொடைச்சீங்கக்கா?"

"ஏழு மணிக்கு மஸ்டர். முடிஞ்சு ஏழேகாலுக்குத் தொடச்சுப்போட்டு, துணிய அலசி இந்தக் கம்பியில காயப் போட்டனுங்க."

"யார் வேணும்னாலும் எடுக்கலாம்."

"ஆருங்க எடுப்பாங்க, பழந்துணிய."

"நாலு பெட்டியும் நீங்கதான் தொடைக்கிறீங்க. இதுல ஏதாவது வித்தியாசம்?"

சென்னம்மாள் தூணைத் திரும்பிப் பார்த்தாள். குரல் இறங்கியது. "மத்த மூணும் தவக்கள வயிறாட்டம் சில்லுனு இருக்குமுங்க. இது மட்டும் தொட்டா வெதுவெதுன்னு இருக்கும். கார்த்திகைல இருந்து அப்படித்தான். உள்ள உசுரு இருக்குதுன்னு நெனச்சுக்குவேன். அதனாலதான் அது கேட்டுருச்சோன்னு..."

சுதாராணியின் பேனா நின்றது. தொட்டால் சூடு தெரியாது என்று சிவரஞ்சனி சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

கடைசியாக ஒன்று கேட்டாள். வெள்ளையனைத் தவிர வேறு யாரோடாவது சண்டை உண்டா? உண்டு. ரைட்டரோடு, தராசு விஷயமாக. காலையில் பனியில் ஊறிய சாக்கை மாட்டி அவர் தராசு முள்ளைப் பூஜ்யத்தில் வைத்துவிடுவார். மத்தியானம் சாக்கு காய்ந்துவிடும். முள்ளை யாரும் திருப்பி வைப்பதில்லை. அன்று முழுக்க எந்தக் கூடையை மாட்டினாலும் ஒரு கிலோ குறையும்.

"தராசு மேல குத்தமில்லீங்க மேடம். அத வெச்ச நேரந்தான் தப்பு."

சுதாராணி எழுந்து நின்றாள். பிறகு, வெளியே பனி இருப்பது நினைவுக்கு வந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

மதியம் 2.40.

மூன்றாம் நம்பர் பெட்டி இருநூறு அடி மேலே. சிவரஞ்சனியை முன்னால் விட்டு, அவள் துப்பட்டா முனையைச் சாட்சியப் பொருள் மாதிரி இறுகப் பிடித்துக்கொண்டு சுதாராணி நடந்தாள். கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் உலகம் இல்லை. பாதி வழியில் இடப் பக்கம் ஏதோ கனமாகப் புர்ரென்றது. சுதாராணி ஒரு காப்பிச் செடிக்குள் முழுசாகப் புகுந்துவிட்டாள். செடி அவள் இடுப்புயரம்தான். எப்படிப் புகுந்தாள் என்பது இன்றுவரை விளங்கவில்லை. புர்ரென்றது அவள் இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கி.

மூன்றாம் பெட்டியின் அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தாள். மார்கழிப் பனியில் ஏற்காட்டில் பாசி பிடிக்காத பொருள் கிடையாது. ஒரே இடத்தில் நின்றால் ஆளுக்கும் பிடிக்கும். பெட்டியின் அடியில் பச்சைப் பாசி வழுக்கியது. திரும்பி வந்து நாலாம் பெட்டியின் அடியைத் தடவினாள். எலும்பு மாதிரி உலர்ந்து கிடந்தது. கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கர் சுருண்டு நின்றது. பெட்டிக்குக் கீழே ஒரு முழம் இடைவெளியில் ரைட்டர் உட்காரும் கல்பலகை. அதிலும் நடுவில் வட்டமாகப் பாசி இல்லை.

மதியம் 3.00.

காலையில் யார் யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று பார்க்க மஸ்டர் புத்தகத்தைக் கேட்டாள். காளியண்ணன் தன் தகரப் பெட்டியை ஒரு சாண் மட்டும் திறந்து, கையை விட்டு உருவி, மறுபடி மூடினார். சுதாராணி பக்கத்தைப் புரட்டினாள். அவள் நோட்டுக் காகிதம் எஸ்டேட்டுக்கு வந்த இரண்டு மணி நேரத்தில் ஊறிய தோசை மாதிரி தொங்கியது. மஸ்டர் புத்தகம் அப்பளம் மாதிரி மொறமொறத்தது. மூக்கருகே கொண்டுபோனாள். புகை வாசனை.

"நீங்க எத்தனை மணிக்கு வருவீங்க?"

"அஞ்சரைக்குங்க."

"மஸ்டர் ஏழு மணிக்குத்தானே?"

"வேலை கெடக்குமுங்க மேடம்."

அவள் மேலே கேட்கவில்லை. பென்னியிடம் திரும்பி, எஸ்டேட்டுக்குள் நெருப்பு மூட்டலாமா என்றாள். கூடவே கூடாது, போன மாசியில் பாதி மலை எரிந்த பிறகு தீக்குச்சி உரசினாலே வேலை காலி என்றார் பென்னி. சமைக்கிற கேன்டீன் அடுப்பு ஒன்றுக்குத்தான் அனுமதி. அந்த அடுப்பிலிருந்து ஒரு சட்டி தணல் கொண்டுவரச் சொன்னாள் சுதாராணி. பறிக்கும் பெண்களை லைனுக்கு அனுப்பினாள். பென்னி, காளியண்ணன், சென்னம்மாள், சிவரஞ்சனி நாலு பேர் மட்டும் இருக்கவேண்டும் என்றாள்.

3.12-க்குத் தணல் கல்பலகையில் ஏறியது. இருபது நிமிடத்தில் பெட்டி சென்னம்மாள் சொன்ன வெதுவெதுப்பையும் தாண்டியது. சென்னம்மாள் சாவி போட்டுத் திறக்க, சிவரஞ்சனி பட்டனை அமுக்கினாள். பெட்டி தன்னைச் சரிபார்த்துக்கொண்டு போனில் எழுதியது: 'சரி'. சுதாராணி தணலை அப்புறப்படுத்தித் தண்ணீர் ஊற்றி அணைக்கச் சொன்னாள். பிறகு காத்திருந்தார்கள். பனி கொட்டகைக்குள்ளேயே வந்து அவர்களோடு நின்றது.

3.55. பெட்டி குளிர்ந்திருந்தது. சிவரஞ்சனி போனில் சீறலை ஓடவிட்டாள்.

சங்கு ஊதவில்லை. மார்க் முப்பத்தொன்பது.

மத்தியானம் தொண்ணூற்று மூன்று வாங்கிய அதே பெட்டி, அதே சத்தம்.

மறுபடி ஒரு சீறல் கேட்டது. இம்முறை கொஞ்சம் ஆழமாக, ஈரமாக. போனில் மார்க் நாற்பது என்று வந்தது.

"போதும், நிறுத்து," என்றாள் சுதாராணி.

"நான் ஓடவிடலீங்க மேடம்."

நால்வரும் சிவரஞ்சனியின் கட்டைவிரலைப் பார்த்தார்கள். அது போனைத் தொடவே இல்லை.

கொட்டகைக்கு முன்னால் பதினைந்து அடியில், பனிக்குள், வெள்ளைக் காலுறை போட்ட நாலு கால்கள் தெரிந்தன. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. பனி ஒரு மூச்சு விலகியது. மேலே இருந்தது தெரிந்தது: கறுப்பாக, பளபளவென்று, கொட்டகைக் கூரையை முட்டும் உயரத்தில், ஒரு கொம்பில் காய்ந்த ரத்தத்தோடு. பெட்டி அதைக் கேட்டுக்கொண்டே பேசாமல் இருந்தது. அதைப் பேசாமல் இருக்கச் செய்ததே தான்தான் என்பது சுதாராணிக்குத் தாமதமாக உறைத்தது. சங்கு ஊதினால் விலகிப் போகிற மிருகம். ஊதாதவரை, அடுத்த அடி முன்னால் வைக்கிற மிருகம்.

அடுத்த அடியை வைத்தது.

பென்னி தூணைக் கட்டிக்கொண்டார். காளியண்ணன் கல்பலகைக்கு அடியில் இல்லாத இடத்தில் நுழைந்தார். தமிழ்நாடு காவல்துறையின் மானத்தைக் காக்கவேண்டிய சுதாராணி தகரப் பெட்டிமேல் ஏறி நின்றாள். மூடி அவள் கனம் தாங்காமல் உள்வாங்க, உள்ளேயிருந்து இரும்பு மோதி டங்கென்றது. காட்டெருமை தலையைத் தாழ்த்தியது.

அப்போது சென்னம்மாள் நடந்தாள். ஓடவில்லை. இடுப்பில் சொருகியிருந்த சாவியை எடுத்து, தூணருகே போய், பெட்டியைத் திறந்து, மத்தியானத்திலிருந்து இரண்டு முறை பார்த்து வைத்திருந்த அந்தப் பட்டனை அமுக்கினாள். பிறகு அப்படியே நின்றாள். பத்து விநாடி. மலையில் அதுவரை யாரும் வாழ்ந்து முடித்திராத பத்து விநாடி. பெட்டி குளிரில் தன்னைச் சரிபார்த்துக்கொண்டது. மிருகம் சீறியது.

மார்க் தொண்ணூற்று நாலு.

சங்கு ஊதியது. காட்டெருமை கிளம்பிய வேகத்தில் மூன்று காப்பிச் செடி வேரோடு அதனுடன் போயின. வெகுநேரம் கீழே மரம் முறியும் சத்தம் கேட்டு, தேய்ந்து, நின்றது.

மாலை 4.10.

சுதாராணி தகரப் பெட்டியிலிருந்து இறங்கி, கசங்கிய மூடியை நெம்பித் திறந்தாள். கணக்கெழுதும் பேனாக்களுக்கும் கோந்து டப்பாவுக்கும் நடுவில், ஒரு சாக்குத் துணியில் சுற்றி, குளிர்காயும் இரும்புக் கணப்புச் சட்டி. அடியில் கரி.

"காளியண்ணன், தெனமும் அஞ்சரைக்கு வர்றது இதுக்குத்தானே? ஏழு மணிக்கு ஆளுங்க வர்றதுக்குள்ள அணைச்சு உள்ள வெச்சிருவீங்க. நடுவுல ஆறு மணி வரும். உங்க சட்டிக்கு மேல ஒரு முழத்துல, பொட்டி தன்னைச் சரிபாக்கற நேரம்."

சிவரஞ்சனி மெல்லச் சொன்னாள்: "சூட்டுல திருகு தொறந்துக்கும். நூறு வரவேண்டிய எடத்துல நூத்தம்பது வரும்."

"வந்ததும் பொட்டி என்ன பண்ணுது? இன்னிக்கு எல்லாமே கூடுதலா வருது, எறக்கிப் படிப்போம்னு முடிவு பண்ணிக்குது. ஏழு மணிக்குச் சட்டி போயிருது. பத்து மணிக்குப் பொட்டி சில்லுனு ஆயிருது. வர்றதே கம்மி, அதையும் எறக்கிப் படிக்குது. காட்டுமாடு கண்ணு முன்னால வந்து நின்னாலும் நாப்பது மார்க்தான். ஈரச் சாக்கோட முள்ளை வெச்சுட்டு, காஞ்ச சாக்குல எடை போட்ட கதை. நாம எல்லாரும் கோட்டை விட்டது ஒண்ணுதான், சிவரஞ்சனி. மத்தியானம் நீ வந்ததும் முதல்ல பட்டனை அமுக்கின, அப்புறம்தான் சோதிச்ச. அமுக்கினதுமே நோய் போயிருச்சு. யார் பாக்க வந்தாலும் பொட்டி நல்லாத்தான் இருக்கும். யாரும் பாக்காதப்பதான் கெட்டிருக்கும்."

காளியண்ணன் கல்பலகைக்கு அடியிலிருந்து வெளியே வந்திருந்தார். மப்ளர் அவிழ்ந்து தொங்கியது. அவர் சட்டியையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதனாலயா?" என்றார். "வெள்ளையன் இதனாலயா விழுந்தான்?"

அதுவரை அவருக்கே தெரியாது. சங்ககிரி வெயிலில் பிறந்த உடம்பு, இந்தக் குளிர் ஆகவில்லை, நெஞ்சு கட்டிக்கொள்கிறது என்று வரிசை தப்பிச் சொல்லிக்கொண்டே போனார். அத்தாயி கத்தியதும் எல்லோரும் கீழே ஓடினார்கள்; அவர் ஓடவில்லை. போலீஸ் வரும், பெட்டியை ஆராயும், சட்டியைக் கண்டுபிடித்தால் வேலை போகும். அவசரமாகச் சட்டியைச் சுற்றி ஒளித்தார். பார்க்கிறவர்கள் கண் வேறு எங்காவது போகட்டும் என்று, கம்பியில் காய்ந்த துணியை எடுத்துக் காதில் திணித்தார். விரலில் இருந்த கரி துணியில் ஒட்டியதைக் கவனிக்கவில்லை.

"ரெண்டு நாள்ல விட்டுருவாங்கன்னு நெனச்சனுங்க," என்றார் சென்னம்மாளைப் பார்க்காமல்.

"மாடு முட்டினது உங்க குத்தம் இல்ல," என்றாள் சுதாராணி. "சட்டி தெரியாம நடந்தது. துணி தெரிஞ்சு நடந்தது. அதுக்குத்தான் இப்ப ஜீப்புல ஏறப்போறீங்க."

4.40-க்கு அவள் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தாள். ஐந்து மணிக்குள் ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், பெயர் மட்டும் மாறியிருக்கிறது என்றாள். பென்னி முதலாளியிடம் பேசிவிட்டு வந்து, லைன் வீடு பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதுபோல் தொண்டையைச் செருமினார்.

சென்னம்மாள் இன்னும் தூணருகேயே நின்றாள். அவள் உதடு அசைந்தது. சுதாராணி அருகே போனாள்.

"அப்ப நாஞ் சொன்னது..."

"அதுக்குத் தமிழே தெரியாதுக்கா. மாடு மூச்சு விடறது ஒண்ணுதான் தெரியும்."

சென்னம்மாள் கல்பலகையில் உட்கார்ந்து, முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து அடைத்து வைத்திருந்ததை எல்லாம் அழுது தீர்த்தாள். யாரும் தடுக்கவில்லை. முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, சிவரஞ்சனியைக் கூப்பிட்டாள். அவள் அதற்குள் லேப்டாப்பைத் திறந்து வேலையில் இறங்கியிருந்தாள்: இனி பெட்டி மணிக்கொரு தரம் தன்னைச் சரிபார்க்கும், வெப்பத்தை அளக்கும் சின்ன உணரி ஒன்றும் உள்ளே வரும், எவ்வளவு வந்தது என்பதை எழுதியும் வைக்கும்.

"இப்ப நம்பலாமா கண்ணு?"

"நம்பலாமுங்கக்கா. நூத்துக்குத் தொண்ணூத்தேழு தடவை சரியாச் சொல்லும்."

"மீதி மூணு?"

சிவரஞ்சனி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். சென்னம்மாள் எழுந்தாள். பிறகு கூடையை எடுத்து இடுப்பில் வைத்து, லைனுக்குப் போகும் பாதையில் பனிக்குள் இறங்கினாள். பத்தடி போனதும் ஆள் மறைந்தது. குரல் மட்டும் கேட்டது. கூடையைத் தட்டிக்கொண்டு, பாட்டாகவும் இல்லாமல் பேச்சாகவும் இல்லாமல், ஹோய் ஹோய் என்று, வழியில் எது நின்றாலும் அதற்குக் கேட்கிற மாதிரி உரக்க.